தானே சாத்திக்கொண்ட கதவு

ஆயுத பூஜைக்கு எங்கள் ஊர் தச்சர் சங்கத்துப் பிள்ளைகள் என்னை மேடையேறிப் பேசச் சொன்னார்கள். நாலு பேர் சேர்ந்து பார்த்தாலே தலையைக் குனிந்துகொள்கிறவன் நான். பேச வராது, எழுதித் தருகிறேன், யாராவது படித்துவிடுங்கள் என்றேன். ஐந்தாம் வகுப்போடு நிறுத்திய எழுத்து இது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர்களில் ஒரு பையன் என்னிடம் ஒன்று கேட்டான். பெட்டியில் வரும் பலகைகளை டிரில்லால் முடுக்கி ஒரு மணி நேரத்தில் அலமாரியாக நிறுத்திவிடுகிறான். அவன் வேலையில் எனக்குக் குறை இல்லை, சுத்தமாகத்தான் செய்கிறான். "அண்ணே, ஜமால் பாய் பட்டறைல சீனா பீரோ ரிப்பேர் பண்ணீங்களாமே, ஒரு ஆணி கூட இருக்காதாமே. அப்றம் எப்டி நிக்குது?" என்றான். அந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் குடும்பத்துக்குத் தறி செய்யும் தச்சு வேலை. ஆரணியில் தறி செய்கிறவன் முதலில் கற்றுக்கொள்வது இரண்டு விஷயம். ஒன்று, எல்லாம் மட்டமாக, செங்குத்தாக நிற்க வேண்டும். தறி கோணினால் சேலை கோணும். இன்னொன்று, பட்டு தொடும் இடத்தில் சிராய் இருக்கக் கூடாது. ஊடை நூலைச் சுமந்துகொண்டு நாடா ஓடும் பலகையை இழைத்து முடித்ததும் ஒற்றைப் பட்டு இழையை அதன்மேல் வைத்து இழுத்துப் பார்ப்போம். இழை எங்காவது மாட்டினால் அங்கே மறுபடி இழைக்க வேண்டும். மரவேலை செய்கிறவன் விரல் காய்த்துப்போயிருக்கும். விரலுக்குத் தெரியாதது இழைக்குத் தெரியும். நான் கற்றது இவ்வளவுதான். கைத்தறி வேலை குறைந்தபோது ஜமால் பாய் பட்டறையில் சேர்ந்தேன்.

வேலூர் சாலையில் இருந்தது அந்தப் பட்டறை. சென்னையில் ஒரு வியாபாரி சீனாவிலிருந்து பழைய மர அலமாரிகளைக் கப்பலில் வரவழைப்பார். வரும் வழியில் உப்புக் காற்றும் ஈரமும் பட்டதில் கால் ஆடும், பலகை உப்பும், கதவு மாட்டும். அவற்றை லாரியில் ஏற்றி எங்களிடம் அனுப்புவார். நாங்கள் சரிசெய்து திருப்பி அனுப்புவோம்.

ஜமால் பாய் வெள்ளை ஜிப்பா போட்டுக்கொண்டு, வாயில் ஒரு கிராம்பை அடக்கிக்கொண்டு நின்றபடியே இருப்பார். பட்டறையில் நாற்காலி பழுது பார்த்தோமே தவிர, அவர் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டார். நன்றாக இல்லை என்றும் சொல்ல மாட்டார். வேலை முடிந்த அலமாரி முன் வந்து நின்று கதவைப் பாதி திறப்பார். கையை எடுப்பார். முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பார். கதவு தானாக வந்து, மெதுவாக, சத்தமில்லாமல் சாத்திக்கொண்டால் நேராக எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போய்விடுவார். சாத்தவில்லை என்றால் அப்படியே நிற்பார். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நிற்பதைவிடத் திட்டு வாங்குவது மேல்.

அதனால் எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. வேலை தேறியதா என்று கேட்க மாட்டோம். "உன் பீரோ டீக்குப் போச்சா?" என்றுதான் கேட்போம்.

கதவு ஏன் தானாகச் சாத்திக்கொள்கிறது என்பதை முதல் அலமாரி வந்த அன்றே தெரிந்துகொண்டோம். லாரியிலிருந்து இறக்கி நிறுத்தினால் அது அடியில் அகன்று, மேலே போகப் போகக் குறுகி நின்றது. நாலு கால்களும் உள்பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தன. என்னோடு வேலை செய்த டில்லி உடனே தூக்குக் குண்டை எடுத்துக்கொண்டு வந்தான். அவனும் தறித் தச்சன்தான். நூலில் குண்டைக் கட்டித் தொங்கவிட்டான். நூலுக்கும் காலுக்கும் நடுவே விரல் நுழைந்தது.

"பார்றா, கப்பல்லயே கோணிக்கிச்சு. காலுக்கு அண்ட குடுத்து நிமுத்திடலாம் பாய்."

"நில்லுப்பா," என்றார் பாய். "கதவ தொறந்து உடு."

டில்லி திறந்துவிட்டான். கதவு அவன் மூக்குக்கு முன்னால் மெல்ல நடந்து போய்ச் சாத்திக்கொண்டது.

"தானா சாயல. செஞ்சவன் வேணும்னே சாச்சிகீறான்," என்றார் பாய். அவர் அன்று பேசியது அவ்வளவுதான்.

கால் சாய்ந்திருந்தால் கதவின் எடை அதை உள்ளே இழுக்கும். அந்தக் கதவுக்குக் கீல் கிடையாது. நம் பழைய வீட்டுக் கதவுகளுக்கு இருப்பது போல மேலும் கீழும் குடுமி. அது குழியில் உட்கார்ந்து சுற்றும். பலகைகளையும் ஒட்டுவதில்லை. சட்டத்தில் பள்ளம் வெட்டி, அதில் பலகையின் ஓரத்தைச் சும்மா செருகியிருப்பார்கள். மழைக்கு மரம் உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். இடம் விட்டிருந்தால் வெடிக்காது. ஒரு மரத்தின் முனையில் நாக்குப் போலக் கழுந்து இருக்கும். இன்னொன்றில் அதற்கான துளை. மூன்று மரங்கள் சேரும் மூலையில்கூட வெளியே ஒரு கோடு மட்டும்தான் தெரியும். எல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்கும். தம்பி, ஆணி இல்லாமல் நிற்பது அப்படித்தான்.

பட்டறைக்கு வந்த அலமாரிகளை எல்லாம் சொல்ல இடம் போதாது. எனக்கு முக்கியமானது பட்டறைக்கு வரவே முடியாத ஒன்று.

எங்கள் ஊரிலேயே பட்டு வியாபாரம் செய்கிறவர் லோகநாயகி அம்மா. கணவர் இறந்த பிறகு வியாபாரத்தைத் தனியாக நடத்தினார். கடை கிடையாது, போர்டு கிடையாது. வீட்டு மாடி அறையில் கற்பூர மரத்தால் செய்த ஒரு சீன அலமாரி. அவர் மாமனாரின் அப்பா பினாங்கிலிருந்து கொண்டுவந்தது. அதில் அடுக்கி வைத்த சேலைக்குப் பூச்சி வராது. அதைவிட, அந்த மரத்தின் வாசனை சேலையில் ஏறிவிடும். கல்யாண வீட்டில் ஒரு பெண் நடந்து போனால், மோந்து பார்த்தே "லோகநாயகி அம்மா கிட்ட எடுத்ததா?" என்று கேட்பார்கள். அவருக்கு விளம்பரம் அதுதான்.

அந்த வீடு பங்காளிகளுக்குள் பிரிந்து விலைபோனது. வாங்கியவர் இடித்துக் கட்டப்போகிறார். லோகநாயகி அம்மா இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டின் கீழ்ப் பகுதிக்குக் குடிபோக வேண்டும். சாமான் எல்லாம் போய்விட்டது. அலமாரி மட்டும் போகவில்லை. அது மாடிக்கு வந்த காலத்தில் தெருப்பக்கம் பெரிய ஜன்னல் இருந்ததாம். பிறகு அதை அடைத்துவிட்டார்கள். மாடிப்படியோ ஒரு ஆள் பக்கவாட்டில் இறங்குகிற அகலம்.

அவர் மகன் பார்த்திபன் பாயிடம் வந்து கூப்பிட, பாய் என்னையும் டில்லியையும் அனுப்பினார். நாங்கள் போனபோது மாடியில் சண்டை நடந்துகொண்டிருந்தது.

"நடுவுல ரெண்டா அறுத்துடலாம்மா. கீழ போயி பிளைவுட் வெச்சி ஜாயிண்ட் அடிச்சிக்கலாம். மெஷின்காரன வெள்ளிக்கிழமை வரச் சொல்லிட்டேன்."

"உன்ன ரெண்டா அறுத்து, கீழ எறக்கி, ஒட்டிக்கட்டுமா?"

"பேஜார் பண்ணாதம்மா. இடிக்கிறவன் தேதி சொல்லிட்டான்."

"பிளைவுட்டு நாத்தம் புடிச்ச பொடவைய எவ வாங்குவா? இது போச்சுன்னா என் யாவாரம் போச்சு. எழுதி வெச்சிக்கோ."

மகன் மேல் தப்பில்லை. அவனுக்கு வேறு வழி தெரியவில்லை. நான் அலமாரியைப் பார்த்தேன். கண்ணில் பட்ட ஓரிடத்திலும் ஆணி இல்லை. கதவுகள் இரண்டும் வாயைத் திறந்துகொண்டிருக்காதபடி ஒரு பட்டுத் துணிக் கிழிசலால் கைப்பிடி வளையங்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கழுந்தும் துளையுமாகச் செய்த பொருள் என்றால் கழற்றவும் முடியும்.

"கயட்டலாம்," என்றேன். யாருக்கும் காதில் விழவில்லை. என் குரல் அப்படி.

டில்லிக்கு விழுந்துவிட்டது. "கயட்டி எறக்கித் தரேன்னு சொல்றாரு!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினான். நான் தருகிறேன் என்று சொல்லவே இல்லை. அதற்குள் லோகநாயகி அம்மா என் பக்கம் திரும்பிக் கைகூப்பிவிட்டார். இனி இல்லை என்று சொல்ல எனக்கு வாய் இருந்ததா?

கதவு கழற்றுவது எளிது. இரண்டு கதவுக்கும் நடுவே ஒரு கம்பம் இருக்கும். அதை மேலே தூக்கி இழுத்தால் வந்துவிடும். பிறகு கதவைத் தூக்கினால் குடுமி குழியை விட்டு வெளியே வரும். உள்தட்டுகளும் அப்படியே. அதோடு நின்றது. மிச்சமிருந்த கூட்டை, துணி சுற்றிய மரச் சுத்தியலால், கொட்டாப்புளி என்போம், மூலைமூலையாகத் தட்டினேன். ஒரு மயிரிழைகூட நகரவில்லை. மாலை கட்டியவன் கடைசி முடிச்சை எங்கே போட்டானோ அங்கேதான் அவிழ்க்க முடியும். இதைச் செய்தவன் கடைசியாகச் செருகிய மரம் எது? அதைப் பூட்டிய மர முளை எங்கே? மேலே மரப்பாலில் செய்த கறுஞ்சிவப்புப் பூச்சு, கண்ணாடி போல. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கையால் தடவினேன். ஒன்றும் தெரியவில்லை.

வியாழக்கிழமை காலை பாய் வந்தார். அலமாரியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். அதன் விலாவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். "ஜல்தி வேணாம்," என்றார். நாளைக்கு அறுக்கிற மெஷின் வருகிறது, இவர் ஜல்தி வேணாம் என்கிறார். எனக்கு அழுகை வந்துவிடும் போல இருந்தது. அவர் படியிறங்கிப் போய்விட்டார்.

அறையின் மூலையில் தரையில் உட்கார்ந்து லோகநாயகி அம்மா சேலைகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று "சீ!" என்றார். கட்டை வளையலில் ஒரு சேலை மாட்டி, இழை ஒன்று உருவி வந்துவிட்டது. அவர் வளையலைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.

"கண்ணுக்கே தெரியல பாரு. இத்தினூண்டு பிசிறு. பட்டு மட்டும் கண்டுபுட்ச்சிச்சி."

நான் கொட்டாப்புளியைக் கீழே வைத்தேன். நாடா பலகையை இத்தனை வருஷம் எப்படிச் சோதித்தேன் என்று அப்போதுதான் நினைவு வந்தது. தறிக்குச் செய்வதை அலமாரிக்குச் செய்யலாம் என்று தோன்றவே இல்லை.

"அம்மா, ஒத்த இழை ஒண்ணு குடுங்க. முறுக்கு ஏத்தாத பட்டு."

கொடுத்தார். நான் பிடித்ததும் அது என் விரலிலேயே மாட்டி அறுந்தது. இன்னொன்று கொடுத்தார். அதுவும் அறுந்தது.

"உன் கையி என்னா கைய்யிப்பா, முள்ளு வேலி மாறி கீது! நவுரு," என்று எழுந்தார். இழையின் இரண்டு முனைகளையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு, மரத்தின்மேல் படுகிறதா இல்லையா என்று தெரியாத மாதிரி மேலிருந்து கீழே இழுத்தார். முன்கால் இரண்டும் முடிந்தன. விலாச் சட்டங்கள் முடிந்தன. நான் பக்கத்தில் நின்று இழையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பின்பக்க மேல்சட்டத்தின் வலது மூலையில் அவர் கை நின்றது.

"இங்க புடிக்குது."

"எங்கம்மா?"

"இங்கதான். மறுபடி பாரு." திரும்ப இழுத்தார். இழை அதே இடத்தில் தயங்கியது. "பொடவைல இப்டி புடிச்சா அத நான் வாங்கவே மாட்டேன்."

அந்த இடத்தில் விளக்கைச் சாய்த்துப் பிடித்தேன். சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக ஒரு வட்டம். முளையை அடித்து, அதன்மேல் பூச்சுப் பூசி மறைத்திருக்கிறான். இத்தனை காலத்தில் சட்டம் சுருங்கியிருக்கிறது, முளையின் தலை சுருங்கவில்லை. அந்த உயரத்தில்தான் இழை மாட்டியது. உள்பக்கம் தடவினால் முளையின் வால் துளைக்குள் இருந்தது. மூங்கில் குச்சியை வால்மேல் வைத்து இரண்டு தட்டு. ஆடிக்கொண்டிருந்த பால்பல் போல முளை வெளியே வந்து விழுந்தது.

மேல்சட்டத்தைத் தட்டினேன். 'க்ர்க்' என்று ஒரு சத்தம். நகர்ந்தது.

"டேய் பார்த்திபா!" என்று லோகநாயகி அம்மா போட்ட சத்தத்தில் பார்த்திபன் இரண்டு இரண்டு படியாக ஏறி வந்தான்.

அதன் பிறகு ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் வழிவிட்டன. ஒவ்வொரு கழுந்தின் மேலும் மையால் கோடு போட்டிருந்தது. அது சேர வேண்டிய துளையின் ஓரத்திலும் அதே கோடு. சீன எழுத்து எங்களுக்குத் தெரியாது. ஆனால் ஒரு தச்சன் இன்னொரு தச்சனுக்குப் போட்ட அடையாளம், அது புரிந்தது. பார்த்திபன் செல்போனில் எல்லாவற்றையும் படமெடுத்தான். அம்மாவோடு சண்டை போட்டவன் அன்றைக்கு ஒரு மரத்தைக்கூட வேறு யாரையும் தூக்க விடவில்லை. ஒவ்வொன்றையும் பழைய வேட்டியில் சுற்றி, கைக்குழந்தை போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அந்தக் குறுகிய படியில் பக்கவாட்டில் இறங்கினான்.

வெள்ளிக்கிழமை அறுக்கும் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு ஆள் வந்தான். காலி அறையைச் சுற்றிப் பார்த்தான்.

"எங்கப்பா பீரோ?"

"காலு இருந்திச்சில்ல," என்றான் டில்லி. "நடந்து போயிடுச்சு."

புது வீட்டில் சேர்க்கும்போதும் ஒரு சோதனை மிச்சமிருந்தது. பின்கால் இரண்டின் அடியிலும் கனமான பலகைத் துண்டு ஒன்றை வைத்து ஆணி அடித்திருந்தார்கள். அந்த அலமாரி முழுவதிலும் இருந்த ஆணி அவ்வளவுதான், அதுவும் நம்மூர் ஆணி. அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எந்தக் காலத்திலோ ஒரு ஆரணித் தச்சன், எங்கள் டில்லியைப் போலத் தூக்குக் குண்டோடு வந்திருக்கிறான். முன்கால் பின்னால் சாய்ந்திருப்பதைப் பார்த்து, தறியை நிமிர்த்துவது போல நிமிர்த்திவிட்டுப் போயிருக்கிறான். அன்றிலிருந்து அலமாரி முன்பக்கம் தள்ளியிருக்கிறது, கதவு நிற்காமல் திறந்துகொண்டிருக்கிறது, கிழிசலால் கட்டியிருக்கிறார்கள்.

நான் ஆணியைப் பிடுங்கி, பலகைத் துண்டுகளை எடுத்துவிட்டுக் கூட்டை நிறுத்தினேன். அக்கம்பக்கத்தார் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். வாசல் நிறைய ஆள்.

"ஏம்பா, சாஞ்சிகினு கீதே?" என்றார் ஒருவர்.

"எறக்கும்போதே கோணிட்ச்சி போல."

"அந்தக் கட்டைய மறுபடி வெய்ப்பா. மொதல்ல நேரா இருந்திச்சே."

லோகநாயகி அம்மாவின் முகம் சுருங்கியது. "ஏழுமலை, ஊரு சனம் வந்து பாக்கற எடம்ப்பா. கோணலா நின்னா நல்லாருக்குமா? கட்டைய வெச்சிடேன்."

டில்லி கட்டையைக் கையில் எடுத்துவிட்டான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். தலை தானாகக் குனிந்தது. குனிந்த கண்ணில் அந்தக் கால் பட்டது. தரையில் வாகாக, வேண்டுமென்றே சாய்ந்து நின்ற கால். அதைச் சாய்த்தவன் எனக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பது போல இருந்தது.

"வெக்க மாட்டேன்," என்றேன்.

சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

"செஞ்சவன் இப்டித்தான் நிக்க வெச்சான். இப்டித்தான் நிக்கணும். கட்டைய தூரப் போடு டில்லி."

என் வாழ்நாளில் கூட்டத்துக்கு நடுவே நான் பேசிய பேச்சு அது ஒன்றுதான். டில்லி கட்டையைத் தெருவில் எறிந்தான். கதவுகளைத் தூக்கிக் குடுமியைக் குழியில் இறக்கினேன். நடுக்கம்பத்தைச் செருகினேன். லோகநாயகி அம்மா பழக்கத்தில் அந்தப் பட்டுக் கிழிசலை எடுத்துக்கொண்டு கட்டுவதற்குக் கிட்டே வந்தார்.

"இருங்கம்மா," என்றேன்.

அப்போது வாசல் கூட்டம் விலகியது. ஜமால் பாய். உள்ளே வந்தார். அலமாரியைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. கதவைப் பாதி திறந்தார். கையை எடுத்தார். முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

கதவு ஒரு கணம் யோசித்தது. பிறகு புறப்பட்டது. அவசரமில்லாமல் வந்து, கற்பூர வாசனையை எங்கள் முகத்தில் ஒருமுறை வீசிவிட்டு, சத்தமே இல்லாமல் சாத்திக்கொண்டது.

"ஐயோ!" என்றார் லோகநாயகி அம்மா. மருமகளாக வந்த நாளிலிருந்து கட்டிக்கொண்டிருந்த கதவு. அவரே ஒருமுறை திறந்துவிட்டார். சாத்திக்கொண்டது. இன்னொரு முறை. சாத்திக்கொண்டது. வாசலில் இருந்த பெண்கள் ஒவ்வொருவராக உள்ளே வந்து திறந்துவிட்டுப் பார்த்தார்கள். சாய்ந்து நிற்கிறது என்று சொன்னவரும் வந்தார், இரண்டு தடவை. அந்தப் பட்டுக் கிழிசலை லோகநாயகி அம்மா மூக்கில் வைத்து மோந்து பார்த்தார். பிறகு இடுப்பில் செருகிக்கொண்டு, "வந்தது வந்துட்டீங்க, பொடவ பாக்கறீங்களா?" என்றார். புது வீட்டின் முதல் வியாபாரம் அங்கேயே நடந்தது.

நான் திரும்பிப் பார்த்தபோது பாய் அறையில் இல்லை. தெருவுக்கு வந்தேன். டீக்கடைக்குப் பாதி தூரம் போயிருந்தார். அங்கே நின்று திரும்பினார். நான் பட்டறையில் சேர்ந்த நாளிலிருந்து 'ஏழுமல', 'வாப்பா', 'போப்பா' என்று மட்டுமே கூப்பிட்டவர்.

"மேஸ்திரி," என்றார். "வாங்க, டீ சாப்டலாம்."

டில்லி என் விலாவில் இடித்தான். "உன் பீரோ டீக்குப் போச்சு மாமா. நீயும் போ."

போன வருஷம் தோள் பிடித்துக்கொண்டு கொட்டாப்புளி தூக்க முடியாமல் வேலையை விட்டேன். அந்த அலமாரி அதே வீட்டில்தான் நிற்கிறது. அந்தப் பக்கம் போனால் சேலை வாங்குகிறவன் போல உள்ளே எட்டிப் பார்ப்பேன். லோகநாயகி அம்மா ஒன்றும் கேட்காமல் கதவைப் பாதி திறந்துவிட்டு வேறு வேலையைப் பார்ப்பார். நானும் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பேன். கற்பூர வாசனை வரும், நின்றுவிடும். கதவு சாத்திக்கொண்டது என்று அர்த்தம். நான் டீ குடிக்கப் போய்விடுவேன்.